தாயம்மை வைத்த பத்தியம்

அருமனை அண்டியாபீஸில் வேலை செய்த பெண்களின் விரல்களில் ரேகை இருக்காது. அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. வறுத்துக் கொட்டியதை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் வைத்து, மரக்கட்டையால் தல்லி உடைக்க வேண்டும். உடையும்போது தோட்டிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலை அரித்துத் தின்றுவிடும். விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். அந்தச் சாம்பலையும் அவரவர் வீட்டு அடுப்பிலிருந்துதான் முந்தானையில் முடிந்து கொண்டுவர வேண்டும். ஆபீஸ் என்றதும் மேசையும் நாற்காலியும் நினைவுக்கு வரலாம். நாற்காலி ஒன்று இருந்தது, உண்மைதான். அதில் ரசலையன் மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எல்லாம் தரையில்.

தாயம்மையும் அந்தத் தரையில் பல வருஷம் இருந்தவள். பனையேறிய புருஷன் பனையிலிருந்து விழுந்து போனபின், ஒரே மகள் வடிவை அந்தக் கட்டையை வைத்துத்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவள் தல்லினால் பருப்பு நொறுங்காது, முழுசாக வந்து விழும். அதனால் கொஞ்சம் வாய் பேசினாலும் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொள்ள முடியாத பேச்சு ஒன்றை அவள் ஒரு நாள் பேசிவிட்டாள்.

குழித்துறையிலிருந்து முதலாளி குமாரதாஸ் காரில் வந்திருந்த நாள் அது. வரிசைக்கு நடுவே அவர் நடந்து வரும்போது தாயம்மை எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"முதலாளி, எங்க கையால சோறு ஊட்டினா பிள்ளையளுக்க வாய் பொள்ளுது. சாம்பலும் கொஞ்சம் தேங்காண்ணயும் ஆபீஸ்லயிருந்து தரணும். கை கழுவ ஒரு தொட்டி வெள்ளம் வைக்கணும்."

முதலாளி கையைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். "இத நீரு எங்கிட்ட சொல்லவே இல்லியே ஓய். இவளுவ சொல்லித்தான் நான் அறியணுமா? இதுக்குத்தான் உம்ம நாற்காலியில இருத்தியிருக்கா?"

அத்தனை பெண்களுக்கு முன்னால் கேட்ட கேள்வி. ரசலையன் முகம் வறுத்த சட்டி மாதிரி ஆயிற்று. முதலாளி கார் ஏறிப் போனார். சாம்பலும் வரவில்லை, எண்ணெயும் வரவில்லை.

அடுத்த வாரம் வேறொன்று வந்தது. அண்டியாபீஸில் சாயங்காலம் சும்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. வாசலில் மேஸ்திரி நிற்பார். ஒவ்வொருத்தியும் மடியை உதறிக் காட்டி, கொண்டையை அவிழ்த்துத் தட்டி, கஞ்சி கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். அன்றைக்குத் தாயம்மையின் தூக்குச்சட்டியைத் திறந்தபோது அடியில் பருப்பு கிடந்தது. நல்ல வெள்ளைப் பருப்பு, ஒரு பிடி.

தாயம்மைக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடிற்று. காலையில் எல்லோருடைய சட்டியையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டுவது மேஸ்திரிதான். "சட்டி வைக்கிற முறிக்குச் சாவி உமக்க இடுப்புல கிடக்குது, மேஸ்திரி."

"ஏட்டி, களவும் செஞ்சிட்டு வாயும் பேசுதியா? நாளையிலருந்து இந்த வாசல மிதிக்கப்படாது."

அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் வெற்றிலை மாற்றிக்கொண்ட நேசமும் தரையைத்தான் பார்த்தாள். அவளுக்கும் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே.

வேலை போனது போகட்டும். சந்தையில் நடந்தால் பின்னால் "பருப்புக்கள்ளி" என்று கேட்டது. பூதப்பாண்டியில் வடிவுக்கு ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். வயலும் மாடும் உள்ள வீடு. அந்த வீட்டார் நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. களவாணி வீட்டில் பெண் எடுக்கிற வழக்கம் தங்களுக்கு இல்லையென்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். வடிவு அழவில்லை. அதுதான் தாயம்மைக்கு அழுகையைவிடப் பெரிதாக இருந்தது.

"அவனுக்க வாயால, அந்த வாசல்ல நின்னு, நான்தான் வச்சேன்னு சொல்லணும். சொல்ல வைக்காம நான் சாவமாட்டேன்" என்றாள்.

"அவரு சொல்லலேன்னா?" என்றாள் வடிவு.

"சாவமாட்டேன்னு சொன்னேன்லா."

மறுநாள் சாயங்காலம் தாயம்மை போய் அண்டியாபீஸ் வாசலுக்கு எதிரே, ரோட்டோரப் பலாமரத்தின் அடியில் நின்றாள். ஏசவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. மேஸ்திரி வாசலில் நின்று பெண்களைச் சோதிக்கிற நேரம் முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெண் போனதும் அவளும் போனாள். அடுத்த நாளும் நின்றாள். மழையில் வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் வடிவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரார் முதலில் சிரித்தார்கள், பிறகு பேசாமல் இருந்தார்கள், பிறகு அவளைப் பலாமரத்தோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஒருவர் மட்டும் பழகவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவளுக்கு அப்பா விட்டுப்போன கை இருந்தது. வர்ம வைத்தியரான அவள் அப்பா சுடலையாண்டி ஆசானை அந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. அடிபட்டவன், விழுந்தவன், நரம்பு பிடித்தவன் எல்லோரும் அவர் முற்றத்துக்குத்தான் வருவார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் எண்ணெய் காய்ச்சியதும் மூலிகை இடித்ததும் தாயம்மைதான். அவர் யாரையும் உடனே தொட மாட்டார். என்ன தின்கிறாய், எங்கே படுக்கிறாய், யாரோடு உனக்குப் பேச்சுவார்த்தை இல்லை, வேலை எடுக்கிற இடத்தில் உனக்கு மேலே யார், கீழே யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதுவும் போதாதென்றால் அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய் நின்று பார்ப்பார்.

ஒரு பனையேறிக்கு நெஞ்சுக்கூட்டில் தீராத வலி. ஆசான் அவன் ஏறுகிற பனையின் கீழே போய் நின்றார். அண்ணனோடு வழக்கு என்பதால் அண்ணனின் வரப்பை மிதிக்காமல், கால் வைக்க வசதியில்லாத பக்கமாக அவன் ஏறிக்கொண்டிருந்தான். ஆசான் தம்பிக்கு எண்ணெய் போட்டார். அண்ணனையும் வரவழைத்து, இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, ஒரே சட்டியிலிருந்து கஷாயம் குடிக்க வைத்தார். வலி போயிற்று, வழக்கும் போயிற்று.

அவர் வீட்டில் ஒரு கட்டு உண்டு. நோயாளி கொடுக்கிற வெற்றிலையை வைத்தியர் வாங்கிவிட்டால், எதிரியானாலும் கெடுதல் செய்யக்கூடாது. நோயாளியும் வைத்தியர் சொல்கிற பத்தியத்தை மீறக்கூடாது. பத்தியம் தீர்ந்ததென்று நோயாளி தானாகச் சொல்லிக்கொள்ள முடியாது. புளி விட்ட மீன்கறியில் முதல் உருண்டையை வைத்தியர் தன் கையால் ஊட்ட வேண்டும். அதற்கு முன்னால் மீன் தின்றால் போன நோய் இரட்டியாகத் திரும்பி வரும். இதை அந்த ஊரில் சாமி கும்பிடுகிறவர்களும் நம்பினார்கள், கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களும் நம்பினார்கள்.

தமிழ்த் தாலுக்காக்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிய வேண்டுமென்று சந்தைமுக்கில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷத்தில் ரசலையன் மேஸ்திரிக்குக் கழுத்து பிடித்தது. முதலில் சுளுக்கு என்றார். பிறகு வலது பக்கமாகத் திரும்பிய முகம் திரும்பியபடியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வலது பக்கம் பெண்கள் உட்காருகிற இடம். பாடல் முதல் ஆசீர்வாதம் வரை மேஸ்திரி பெண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பேச்சு வந்தது. அவர் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். உறக்கமும் இல்லை.

ஒரு காலையில் அவர் மனைவி ஞானபாய் வெற்றிலையும் பாக்கும் மடித்துக்கொண்டு தாயம்மையின் முற்றத்தில் வந்து நின்றாள்.

"தாயம்மக்கா, கதவு தெறந்து கிடக்குமோ அடச்சு கிடக்குமோன்னு தெரியாமத்தான் வந்தேன்."

"தெறந்துதான் கிடக்கு. கள்ளிக்க வீட்டுல களவு போவ என்ன இருக்கு?"

ஞானபாய் வெற்றிலையை நீட்டினாள். அவள்மேல் தாயம்மைக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வெற்றிலையைப் பார்த்ததும் உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது. வாங்காவிட்டால் மேஸ்திரி கோணின கழுத்தோடே சாவார். அது நல்ல தண்டனைதான். ஆனால் கோணின கழுத்து ஒன்றும் சொல்லாது. வாங்கினால் பத்தியம் அவள் கையில்.

"வேண்டாம்மா, தொடாத" என்றாள் உள்ளேயிருந்து வடிவு.

தாயம்மை வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரசலையன் வந்தார். முகம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நண்டு நடந்து வருவதுபோல் இருந்தது. சிரிப்பை அடக்குவதற்காகத் தாயம்மை எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்தாள். அவருக்குச் சீக்கிரம் முடிய வேண்டும்.

"பத்தியமெல்லாம் எனக்குத் தெரியும். மீன் இல்ல, புளி இல்ல, கோழி முட்டை இல்ல. நீ என்ன சொன்னாலும் காக்குதேன். இதப் பைய திருப்பித் தந்தாப் போரும்" என்று கேட்காமலே கிண்ணத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். பத்தியம் என்றால் சட்டியைத் தாண்டிப் போகாது என்பது அவர் கணக்கு. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"நான் இன்னும் சொல்லலியே. வேலையெடுக்க எடத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் தாயம்மை.

அன்று பகலில் அவள் ரசலையனோடு அந்த வாசலை மிதித்து உள்ளே போனாள். கட்டைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நேசம் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்தாள். தாயம்மை நேராகப் போய் மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுகமாத்தான் இருக்கு" என்றாள். ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலியிலிருந்து பார்த்தால் வரிசைகள் நேர் எதிரே கிடந்தன. கழுத்தைத் திருப்ப ஒரு தேவையும் இல்லை. வறுக்கிற அடுப்பும் நேரே. பருப்பு வைக்கிற அறையும் நேரே. நோய் இங்கே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள்.

"சாயங்காலம் நீரு நிக்கிற எடத்துல நில்லும்."

அவர் போய், ஆபீஸ் வலது பக்கமும் ரோடு இடது பக்கமுமாக வாசலின் குறுக்கே நின்றார். தாயம்மை அவர் பின்னால் போய், அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். இடது பக்கம் ரோடு, ரோட்டைத் தாண்டினால் பலாமரம். அடியில் புல் முளைக்காமல் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மண் தேய்ந்து கிடந்தது. இடது பக்கம் அவள் நிற்பாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று இந்த ஆள் தினமும் முகத்தை வலது பக்கமாகவே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிடித்த பிடி ஒரு நாள் விடவில்லை.

அவள் தொடாமலேயே அவரைப் பிடித்திருக்கிறாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தாயம்மைக்கு நாக்கில் இனிப்பு தட்டியது.

பெண்கள் எல்லோரும் வேலையை விட்டு வாசலருகே வந்து கூடியிருந்தார்கள். நல்லதாயிற்று என்று அவள் பத்தியத்தைச் சொன்னாள்.

"மீன், புளி, கோழி, முட்டை ஆகாது."

"அது தெரியும்."

"நாற்காலி ஆகாது. நேசத்துக்க பக்கத்துல தரையில குத்தவச்சு அண்டி தல்லணும். குனிஞ்சு தல்லுனாத்தான் பிடரி நரம்பு எளகும். யாரயும் சத்தம் போட்டு வெரட்டப்படாது, வெரட்டுனா நரம்பு முறுகும். சாயங்காலம் எல்லாரும் மடி ஒதறும்போ நீரும் ஒதறணும், பலாமரத்தப் பாத்து நின்னு. ராத்திரிக்கு முன்ன எனக்க வீட்டுக்கு வந்து எண்ணெ போடணும், கேக்குததுக்கு வாய் தெறந்து பதில் சொல்லணும்."

ரசலையன் வலது பக்கம் நின்ற ஒரு தூணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வேறெங்கே பார்ப்பார். "இது பத்தியமா, பகையா?"

"ரெண்டுந்தான். எண்ணெயத் தொட்டுச் சொன்னது நீரு."

அவர் தரையில் உட்கார்ந்த முதல் நாளே விரல் பொள்ளியது. மத்தியானத்துக்குள் கட்டை பிடிக்க முடியவில்லை.

"நேசம், ஒரு நுள்ளு சாம்பல் தாட்டி."

"வீட்டுச் சாம்பலு மேஸ்திரி. எங்க வீட்டுல அடுப்பு ஒரு நேரந்தான் எரியும். கஞ்சிக்கு மட்டுமில்ல, சாம்பலுக்கும் பஞ்சம்" என்றாள் நேசம். சொல்லிவிட்டு, பாவம் என்று கொஞ்சம் கொடுத்தாள். அதில் தாயம்மைக்கு அவள்மேல் வருத்தம்தான்.

மறுநாள் வறுக்கிற அடுப்பின் சாம்பல் ஒரு சாக்கு வரிசையின் தலைமாட்டில் வந்து நின்றது. அத்தனை நாளும் பள்ளத்தில் கொட்டிய சாம்பல்தான். அதற்கடுத்து ஒரு தொட்டி வெள்ளம் வந்தது. தேங்காயெண்ணெயும் வந்தது. யாரும் கேட்கவில்லை. மேஸ்திரிக்குக் கை எரிந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசலில் அவர் நிற்பார், பெண்கள் சோதிப்பார்கள். முதல் நாள் யாருக்கும் கை வரவில்லை. நேசம்தான் முன்னால் வந்தாள். "மேஸ்திரி, மடிக்குத்த அவுத்து ஒதறும். அந்தத் துண்டு எதுக்கு முடிஞ்சிருக்கு? வெத்தலப் பையத் தெறயும்." அவர் உதறினார். "கொண்டை இல்லியே, என்னத்த அவுக்க?" என்று ஒருத்தி கேட்டாள். ரோடு வரைக்கும் சிரிப்பு. எதிரே பலாமரத்தடியில் தாயம்மை சிரிக்காமல் நின்றாள். அந்தப் பக்கம் அவர் முகத்தைத் திருப்ப முயன்றார். கழுத்து வரவில்லை. ஒரு வாரம் உதறியபின், பெண்களை அவர் சோதிக்கிற விதமும் மாறிற்று. கொண்டையை அவிழ்க்கச் சொல்வதை விட்டார். பிறகு தூக்குச்சட்டியைத் திறக்கச் சொல்வதையும் விட்டார்.

மாலையில் அவள் முற்றத்தில் குத்துக்கால் போட்டு உட்காருவார். தாயம்மை பிடரியில் எண்ணெய் வைத்து விரலால் வழித்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு யாருமேல கோவம்?"

"யாருமேலயும் இல்ல."

"நரம்பு அப்படிச் சொல்லலியே."

பிறகு சொல்வார். பருப்பு நொறுங்கினால் முதலாளி தன்மேல் பாய்வதைச் சொன்னார். கார் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவதைச் சொன்னார். சின்ன வயதில் அப்பா எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்ததைச் சொன்னார். பேசப் பேசத் தாடை இளகும், தாடை இளகினால் பிடரி இளகும். ஒரு நாள் பேச்சு நடுவே உறங்கிப்போனார். ஞானபாய்தான் உலுக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்படி உறங்கியபோது தாயம்மையின் பெருவிரல் அவர் காதுக்குக் கீழே ஒரு இடத்தில் இருந்தது. அழுத்தினால் ஆள் எழுந்திருக்காத இடம் அது என்று ஆசான் மகளுக்குத் தெரியும். விரல் அங்கே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு மடியில் வாங்கிய வெற்றிலையை நினைத்து எடுத்துக்கொண்டாள். வெற்றிலையை நினைத்துத்தான் எடுத்தாள், இரக்கப்பட்டு எடுத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எல்லாம் சொன்னவர் தூக்குச்சட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்தும் நேராக வந்து, நேராகவே நின்றது. இடது பக்கம் போகவில்லை.

அண்டியாபீஸில் அதற்குள் வேறொன்று நடந்தது. முழுப்பருப்பு கூடிற்று, நொறுக்கு குறைந்தது. "முன்ன கோவம் வந்தா கட்ட கொஞ்சம் பலமா விழும், அக்கா. இப்ப அவரு பக்கத்துல இருந்து கையப் பொசுக்கிட்டு இருக்காரு. யாருமேல கோவப்பட?" என்றாள் நேசம். அன்றுதான் அவள் முதல் தடவையாகப் பலாமரத்தடிக்கு வந்து பேசினாள். "அன்னைக்கு நான் தரையப் பாத்தேன்லா" என்று தொடங்கினாள். "பாத்த" என்றாள் தாயம்மை. அதற்கு மேல் பேசவிடாமல் வெற்றிலையை நீட்டினாள்.

ரசலையனுக்கு இப்போது கழுத்தைவிட நாக்குதான் பெரிய பாடு. குளச்சலிலிருந்து மைதீன் கனி சைக்கிளில் மீன் கொண்டுவருவார். வாசலில் நிறுத்தி, வேண்டுமென்றே கூடையின் ஓலையை விலக்குவார்.

"மேஸ்திரி, இன்னைக்கு நெய்ச்சாளை. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு இதக் கூட்டித் தின்னா..."

"போ ஓய்."

"போறேன். மணத்த மட்டும் விட்டுட்டுப் போறேன்."

ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல் வீட்டில் பிள்ளைகளின் கறிச்சட்டியில் கையை விட்டுவிட்டார். வாய்வரை கொண்டுபோனார். கழுத்து மறுபடி முறுகுவதுபோல் தோன்ற, கையை உதறிக் கழுவினார். பிறகு தாயம்மையிடம் வந்தார்.

"கழுத்து நேராயிட்டுல்லா. பத்தியத்த முறிச்சுத் தரப்படாதா?"

"எடப்பக்கம் திரும்பலியே."

"எடப்பக்கம் என்ன இருக்கு திரும்ப?"

"பலாமரம் இருக்கு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். தாயம்மையே சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் கறி வச்சு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லும். முறிக்கலாமான்னு பாக்கலாம்."

ஞானபாய் பாவம், விடியுமுன்னே எழுந்து சாளை வாங்கி, தேங்காய் அரைத்து, புளி விட்டுக் கறி வைத்து மூடிக்கொண்டு வந்தாள். பெண்கள் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. ரசலையன் வாசலில் உட்கார்ந்தார். தாயம்மை ரோட்டைத் தாண்டி வந்து, சோற்றில் கறியைக் குழைத்து உருண்டை பிடித்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, கள்ளிக்க கையால தின்னா ஒடம்புல ஒட்டுமா?"

திறந்த வாய் அப்படியே நின்றது.

"கள்ளி இல்லேன்னா ஒட்டும். நான் கள்ளியா, இல்லியா? ஒரு வார்த்த சொல்லும், ஊட்டுதேன்."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அதில் எச்சில் ஊறி நின்றது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மீன் போகும். அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார். தாயம்மை அந்த உருண்டையை வாசலில் நின்ற நாய்க்குப் போட்டாள். ஞானபாய் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு, புருஷன் பின்னால் போகாமல், வேறு வழியாக வீட்டுக்குப் போனாள்.

பத்தியம் தொடர்ந்தது. வழக்கமாக எல்லோருக்கும் முடிகிற காலம் தாண்டியும் தொடர்ந்தது. வடிவு ஒரு நாள் கேட்டாள். "போரும்மா. பாத்தா பாவமாட்டு இருக்கு."

"உன்ன வேண்டாம்னு சொல்லி ஆள் விட்டாவளே, அன்னைக்கு யாரு பாவம் பாத்தா?"

முதலாளியின் கார் வந்தது அதற்கப்புறம்தான். முழுப்பருப்பு ஏன் கூடிற்று என்று பார்க்க வந்தவர், மேஸ்திரி தரையில் குத்தவைத்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். சாம்பலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பெண்களின் கையைப் பார்த்தார். யார் வைத்த ஏற்பாடு என்று கேட்டார். ஒருத்தி தாயம்மை பெயரைச் சொன்னாள்.

அவருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. வாசல் வரை வந்தவர் எதிரே பலாமரத்தடியில் நின்றவளைப் பார்த்தார். "அந்தப் பருப்புக்கள்ளியவா நீரு ஆபீஸ்ல ஏத்தினீரு, ஓய்?"

ரசலையன் எழுந்து வந்து வாசலில், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். சும்மா இருந்தால் போதும். மன்னித்துவிடுங்கள் முதலாளி, இனி ஏற்றமாட்டேன் என்றால் அதுவும் போதும். தாயம்மை அங்கேயே நின்றாள். இன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் பிடித்த முந்தானை கசங்கியது.

அவர் தலை பைய அசைந்தது. நேராக இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் வந்தது. கழுத்தில் நெட்டி முறிகிற சத்தம் அருகில் நின்ற நேசத்துக்குக் கேட்டதாம். முழுக்கத் திரும்பி, பலாமரத்தைப் பார்த்து, அதன் அடியில் நின்றவளைப் பார்த்தார்.

"அவ களவெடுக்கல்ல, முதலாளி. தூக்குச்சட்டியில பருப்பு வச்சது நான்தான். எல்லாரும் கேக்க நீங்க என்ன ஏசுனீங்க. அந்தக் கோவத்துல வச்சேன்."

ரோட்டில் போனவர்களும் நின்று கேட்டார்கள். தாயம்மைக்கு அழுகை வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"கேக்கல்ல. கொஞ்சம் பலமா."

அவர் இன்னொரு தடவை, பலமாகச் சொன்னார்.

முதலாளி உள்ளே திரும்பிப் பருப்பு வரிசைகளைப் பார்த்தார். கழுத்து நேரான மனிதனை வெளியே தள்ளினால் முழுப்பருப்பும் அவனோடு போய்விடுமோ என்று கணக்குப் பார்த்திருப்பார். கடைசியில், "நீரு தரையிலயே இரும். நாற்காலியில இவ இருக்கட்டும்" என்றார்.

"எனக்கு அது வேண்டாம் முதலாளி. அத உடச்சு அடுப்புல வையுங்க. கைக்குச் சாம்பலாவும்" என்றாள் தாயம்மை. "தல்லவும் நான் வரமாட்டேன். ஆளுகளுக்க கையப் பாக்க எடைக்கெடைக்கு வாறேன், அதுக்குள்ளதத் தாங்க."

நாற்காலி அன்றைக்கே அடுப்புக்குப் போயிற்று. மறுநாள் அந்தச் சாம்பலைப் பூசிக்கொண்டு பெண்கள் தல்லினார்கள்.

அன்று சாயங்காலம் ஞானபாய் மறுபடி கறி வைத்துக்கொண்டு வந்தாள். தாயம்மை உருண்டை பிடித்து ஊட்டினாள். ரசலையன் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கண்ணோரம் ஈரம் இருந்தது. மீனுக்காகவா, வேறெதற்காகவா என்று தாயம்மை கேட்கவில்லை.

அவர் விழுங்கி முடித்ததும் சொன்னாள். "பத்தியம் முடிஞ்சுது. இனி மறுபத்தியம்."

"இன்னும் என்ன?"

"நாளைக்குப் பஸ்ஸேறி பூதப்பாண்டிக்குப் போவணும். எனக்க பிள்ளைய வேண்டாம்னு சொன்ன வீட்டு முற்றத்துல நின்னு இதே வார்த்தயச் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு உருண்டைதான். மத்தத மூடி வையுங்க, ஞானபாய்."

அவர் சட்டியைப் பார்த்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்.

பூதப்பாண்டிக்காரர்கள் உடனே வரவில்லை. அவர்கள் மாப்பிள்ளைக்கு வேறு இரண்டு இடம் பார்த்து, இரண்டும் கூடாமல், தமிழ்த் தாலுக்காக்கள் பிரிந்து சென்னையோடு சேர்ந்த வருஷம் வெற்றிலைத் தட்டோடு அருமனைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் பேசினார். ஆள் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டுவிட்டோம், பெரிய மனது பண்ண வேண்டும் என்றார். தாயம்மை கேட்டுக்கொண்டாள். எல்லோருக்கும் பாய் போட்டாள். வடிவு கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள்.

"காப்பியக் குடியுங்க" என்றாள் வடிவு. "வந்து ஒரு வார்த்த கேக்காத வீட்டுக்கு நான் வாறதா இல்ல."

தாயம்மை மகளைப் பார்த்தாள். இதைத் தான் சொல்ல வேண்டுமென்று இத்தனை நாளாக வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தாள். மகள் முந்திக்கொண்டாள். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா இந்த வீட்டைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே தெரு முடிகிற வரை நடந்தார். தாயம்மை வாசலில் நின்று அந்தக் கழுத்தைக் கண் மறைகிற மட்டும் பார்த்தாள்.

"அந்தக் கழுத்தும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.